வேஷமும் வண்டியும்

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காப்பி குடித்துவிட்டு எழுத உட்காரலாம் என்று நான் பேனாவை எடுத்த சமயம் பார்த்து என் தங்கை மகன் வந்து சேர்ந்தான். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர் உத்தியோகம், வயது இருபத்தெட்டு. கையில் ஒரு காகிதச் சுருள். முகத்தில், பெண் பார்த்துவிட்டு வந்தவனுடைய களை.

"மாமா, இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீங்கள்தான் ஒரு முடிவு சொல்ல வேண்டும்" என்றான்.

இரண்டு ஜாதகம் வந்திருக்கிறது போலும் என்று எண்ணி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். சுருளை விரித்தான். இரண்டும் மோட்டார் கார்கள்!

விஷயம் இதுதான். ஐந்து வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஆறு லட்சம் ரூபாய் வைத்திருக்கிறான். அதைக் கொண்டு தன் கையாலேயே ஒரு கார் கட்ட வேண்டும் என்பது ஆசை. முதல் படத்தில் இருந்தது 'நடு எஞ்சின் கிட் கார்'. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு சட்டம் செய்து, பழைய கார் ஒன்றின் எஞ்சினை எடுத்து, ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் வைத்துப் பூட்ட வேண்டும். இரண்டாவது படத்தில் இருந்தது 'ரெப்ளிகா', அதாவது நகல். 1962-ல் பிறந்த கோப்ரா என்னும் பந்தயக் காரின் உருவத்தைக் கண்ணாடி இழையில் வார்த்து, உள்ளே பழைய அம்பாஸடர் எஞ்சினை வைப்பதாகத் திட்டம்.

"உன் அம்மா என்ன சொல்கிறாள்?" என்று கேட்டேன்.

"'பணத்தைக் குப்பையில் கொட்டுகிறாய். ஆனாலும் அண்ணா சரி என்று சொல்லட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை' என்கிறாள்."

என் தங்கை கெட்டிக்காரி. பழியை எவ்வளவு லாகவமாக என் தலையில் இறக்கி வைத்துவிட்டாள் பாருங்கள்!

எனக்கு மோட்டார் சாஸ்திரம் தெரியாது. சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டவே ஆள் தேடுகிறவன் நான். ஆனால் குடியிருப்பது பெருங்களத்தூர். இந்தப் பையன் கேட்கிற கேள்விக்கு இந்த ஊர் ஒரு தடவை பதில் சொல்லிப் பார்த்திருக்கிறது. அதற்குப் பெரிய விலையும் கொடுத்திருக்கிறது. ஆகவே செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, நடந்துகொண்டே பேசுவோம்" என்றேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரத்தைத் தாண்டி வண்டலூரை நோக்கிப் போகிறவர்கள் இன்று பெருங்களத்தூரில் பார்ப்பது கண்ணாடி போர்த்திய கம்ப்யூட்டர் ஆபீஸ்களையும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அடுக்குமாடி வீடுகளையும்தான். அந்த நிலத்தில்தான் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம், 1948-ல், சென்னை யூனியன் கம்பெனியும், இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த ஸ்தாபனம் அது. கல்கத்தாவுக்கு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய்க்குப் பிரீமியர், நமக்கு ஸ்டாண்டர்டு. சென்னைவாசிகள் அந்தக் காலத்தில் சற்றே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டதில் தவறில்லை.

முதலில் வந்தது வான்கார்டு. முதுகு வளைந்த, கனமான குடும்ப வண்டி. அதன் எஞ்சினுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதே குடும்பத்து எஞ்சின்தான் இங்கிலாந்தில் பெர்குஸன் டிராக்டரில் ஏர் உழுதது. அதையே 1991 கன சென்டிமீட்டர் அளவுக்குச் சற்றுக் குறைத்து, 1953-ல் டிரையம்ப் டி.ஆர்.2 என்ற விளையாட்டுக் காரில் வைத்தார்கள். உழவு மாட்டுக்கும் ரேக்ளா மாட்டுக்கும் ஒரே தாய் என்பது போல! இந்த 1991 என்னும் எண்ணை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு தேவைப்படும்.

பிறகு ஸ்டாண்டர்டு எய்ட், டென், பென்னன்ட் என்ற சிறிய கார்கள் வந்தன. 1961-ல் ஹெரால்டு வந்தது.

பழைய பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகையில் இன்றும் ஹெரால்டு கார்களைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. தங்கை மகனை நேரே அவரிடம் அழைத்துப் போனேன். தார்ப்பாயை விலக்கி ஒரு நீல நிற ஹெரால்டைக் காட்டினார். முன்புற மூடியை மட்டும் தூக்குவார் என்று நினைத்தேன். மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் வண்டியின் முன்பாதி முழுவதையும் முன்னால் சாய்த்துவிட்டார். எஞ்சினும் முன்சக்கரங்களும் வெட்டவெளியில் நின்றன.

"தம்பி, இந்த வண்டிக்குக் கீழே தனிச் சட்டம் இருக்கு. மேலே இருக்கிற உடம்பெல்லாம் போல்ட் போட்டு மாட்டினது. உடம்பை மொத்தமாக் கழட்டி ஓரமா வச்சுட்டு, வெறும் சட்டத்திலே ஒரு பலகையைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்து ஓட்டிக்கிட்டே போகலாம். நானே போயிருக்கேன்" என்றார்.

இது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. 1950-களில் உலகம் முழுவதும் சட்டமும் உடலும் ஒன்றேயான கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, கவென்ட்ரிக்காரர்கள் மட்டும் ஏன் ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் வைத்தார்கள்? அவர்களுக்கு உடல் செய்து கொடுத்துவந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி ஒன்று 1953-ல் விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலைச் செய்ய ஆள் இல்லாமற் போகவே, பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்வித்து, ஒரு சட்டத்தின் மேல் பூட்ட வேண்டியதாயிற்று. நெருக்கடியில் பிறந்த யோசனை. அழகு சேர்த்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி.

அந்த நெருக்கடி கார் கட்டும் பித்தர்களுக்கு வரமாக முடிந்தது. சட்டம் தனி, உடல் தனி என்றால், பழைய உடலைக் கழற்றி எறிந்துவிட்டு நமக்குப் பிடித்த உடலை மாட்டலாம் அல்லவா? ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, கம்பெனியே 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் காரைச் செய்தது. 1970-களில் இங்கிலாந்தில் பலர் பழைய ஹெரால்டு சட்டத்தின் மேல் எம்.ஜி. காரைப் போன்ற நகல் உடலை மாட்டி, வீட்டுக் கொட்டகையிலேயே வண்டி கட்டினார்கள்.

கிட் கார் என்ற வியாபாரம் அந்த நாட்டில் தழைத்ததற்குக் காரணம் கலையார்வம் மட்டும் அல்ல, வரி! அந்நாளில் முழுக் காரை வாங்கினால் கொள்முதல் வரி இருந்தது; பாகங்களாக வாங்கித் தாங்களே பூட்டிக்கொண்டால் அந்த வரி இருக்கவில்லை. காலின் சாப்மன் என்னும் கெட்டிக்காரர் 1957-ல் லோட்டஸ் செவன் என்ற காரைப் பெட்டியில் போட்டு விற்றார். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி உண்டு என்று சட்டம் சொன்னதாம். உடனே அவர், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார் என்று ஒரு கதை வழங்குகிறது. அந்தச் செவனின் இரண்டாம் வரிசை வண்டிகளில், பின் அச்சு ஸ்டாண்டர்டு டென் குடும்பத்தைச் சேர்ந்தது. திசைதிருப்பும் பற்சட்டம் ஹெரால்டினுடையது. அதாவது, பெருங்களத்தூரில் குடும்பஸ்தர்களுக்காகச் செய்த வண்டிகளின் உடன்பிறந்த உறுப்புகள்தாம் அங்கே பந்தய மைதானத்தில் பாய்ந்துகொண்டிருந்தன.

"அப்படியானால் நம் ஊரிலே ஏன் ஒருவரும் செய்யவில்லை மாமா?" என்றான் பையன்.

நான் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். செய்தார்கள். ஆனால் தலைகீழாகச் செய்தார்கள்.

ஹெரால்டுக்குப் பின் 1970-களில் வந்த கஸெல்லும் 1977-ஐ ஒட்டி நின்றுபோயிற்று. சில காலம் வேன்கள் மட்டும் செய்துவந்த தொழிற்சாலை, 1985-ல் மறுபடியும் ஒரு காரை வெளியிட்டது. ஸ்டாண்டர்டு 2000 என்று பெயர். நான் அப்போது சிறு பையன். பெருங்களத்தூர் ரயில்வே கேட்டில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு வெள்ளை வண்டி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. கேட் மூடியிருந்த அந்தப் பத்து நிமிஷமும் நான் ரயில் வருகிறதா என்று பார்க்கவே இல்லை. கத்தி முனை போன்ற மூக்கு. சரிந்து இறங்கும் பின்புறம். அம்பாஸடரும் பியட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தேவலோகத்து வாகனமாகத் தெரிந்தது. அப்பா மட்டும், "பெட்ரோல் யார் போடுவது?" என்றார்.

அந்த உடல் இங்கிலாந்தில் 1976-ல் வெளிவந்த ரோவர் எஸ்.டி.1 காருடையது. அதை வரைந்தவர் டேவிட் பாஷ். பெராரி கம்பெனியின் டேடோனா என்ற காரைப் பார்த்து மயங்கி, அதன் சாயலைக் குடும்ப வண்டிக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். ரோவரில் எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர், 155 குதிரைத் திறன் உள்ள எஞ்சின் இருந்தது. பெருங்களத்தூரில் அந்த உடலுக்குள் எதை வைத்தார்கள்? 1991 கன சென்டிமீட்டர்!

ஆம், அந்தப் பழைய வான்கார்டு வம்சத்து எஞ்சினைத்தான். 83 குதிரைத் திறன். டி.ஆர்.2 என்ற சிறிய, எடை குறைந்த காரில் இளமையோடு பாய்ந்த அதே எஞ்சின், இங்கே பெரிய உடலைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்கியது. போதாதற்கு, நம் ரோடுகளுக்காக வண்டியின் உயரத்தைக் கூட்டினார்கள். மூலத்தில் இருந்த நயமான அமைப்புகள் சிலவற்றைக் கைவிட்டார்கள். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 அதற்குள் மத்தியதர வகுப்பாரின் மனத்தைக் கொள்ளை கொண்டிருந்தது. 1988-க்குள் ஸ்டாண்டர்டு 2000 முடிந்துபோயிற்று. தொழிற்சாலையின் இயந்திரங்கள் உறங்கின. 2006-ல் நிலம் ஏலத்துக்கு வந்தது. மிஞ்சிய ரோவர் உதிரிப் பாகங்களை இங்கிலாந்து வியாபாரி ஒருவர் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார். அந்த ஊரில் பழைய ரோவரைப் போற்றி வைத்திருப்பவர்களுக்கு நம் ஊர்ப் பாகம் பயன்பட்டது.

அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அந்நாளைய லைசென்ஸ் முறையில் புது எஞ்சின் கொண்டுவருவது லேசான காரியம் அல்ல. கையில் இருந்ததைக் கொண்டு பிழைக்கப் பார்த்தார்கள். ஆனாலும் பாடம் பாடம்தான். ராஜபார்ட் கிரீடத்தை வைத்துக்கொள்வது சுலபம். பிறகு ராஜபார்ட்டின் சுருதியில் பாட வேண்டுமே!

"உன் கோப்ராவைக் கொண்டா" என்று படத்தை வாங்கிப் பார்த்தேன். அசல் கோப்ரா என்பது என்ன? ஏ.ஸி. என்ற ஆங்கிலக் கம்பெனியின் எடை குறைந்த காருக்குள், அமெரிக்கரான காரல் ஷெல்பி எட்டு சிலிண்டர் போர்டு எஞ்சினைத் துணிந்து நுழைத்தார். அவ்வளவுதான். சுமார் ஆயிரம் வண்டிகளே பிறந்தன; அதன் நகல்களோ அதைப் போல எத்தனையோ மடங்கு. அசலின் உயிர் அந்த எஞ்சினில் இருந்தது. அதை எடுத்துவிட்டு அம்பாஸடர் எஞ்சினை வைத்தால், நாம் கட்டுவது கோப்ரா அல்ல. இன்னொரு ஸ்டாண்டர்டு 2000. இதைச் சொன்னபோது பையனின் முகம் வாடியது.

ஆனால் நகல் என்றாலே தாழ்வு என்று நான் சொல்ல மாட்டேன். மும்பைக்கு அருகே அலிபாக்கில் சிங்காரா என்ற சிறு கம்பெனி, லோட்டஸ் செவனைப் பின்பற்றி ஒரு வண்டி செய்தது. அதில் இருந்தது அம்பாஸடரில் வந்த இஸுஸு எஞ்சின்தான். செவனின் தத்துவம் குறைந்த எடை, எளிய எஞ்சின் என்பது. அந்தத் தத்துவத்தையும் சேர்த்து நகல் எடுத்தால் எஞ்சின் எந்தப் பட்டறையிலிருந்து வந்தாலும் பாதகம் இல்லை. உருவத்தை மட்டும் நகல் எடுப்பதில்தான் ஆபத்து.

இனி நடு எஞ்சின் சமாசாரம். கனமான எஞ்சினை நடுவில் வைப்பதால் என்ன லாபம்? இரண்டு முனையிலும் தண்ணீர்க் குடம் தொங்கும் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். குடங்கள் திரும்ப மறுக்கும். திரும்பிய பிறகு நிற்க மறுக்கும். அதே இரண்டு குடத்தையும் இடுப்போடு அணைத்துக்கொண்டு திரும்பினால் உடம்பு சொன்னபடி கேட்கும். காரிலும் அப்படியே. "குதிரை வண்டியை இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது" என்று இத்தாலியப் பெரியவர் பெராரி பிடிவாதம் பிடித்ததாகச் சொல்வார்கள். 1959-லும் 1960-லும் கூப்பர் என்ற சிறிய ஆங்கிலக் கம்பெனியின் நடு எஞ்சின் காரில் ஜாக் பிராபம் உலகப் பட்டத்தை வென்றார். 1961-ல் பெராரியும் எஞ்சினைப் பின்னால் நகர்த்தினார். அன்று முதல் இன்று வரை, முன்புறம் எஞ்சின் வைத்த கார் எதுவும் அந்தப் பட்டத்தைப் பெற்றதில்லை.

கொட்டகைப் பெரியவர் குறுக்கிட்டார்: "சுலபமாத் திரும்புற மாடு சுலபமா மிரளும், தம்பி." உண்மைதான். நடு எஞ்சின் வண்டி பிடி நழுவினால், பம்பரம் போலச் சுற்றிவிடும். கற்றுக்கொள்ளாதவனுக்கு மன்னிப்புக் கிடையாது.

வீட்டில் கட்டுகிறவனுக்கு எஞ்சினை நடுவில் வைப்பது எப்படிச் சாத்தியமாயிற்று? முன்சக்கரங்களை எஞ்சின் நேரே சுழற்றும் கார்கள் வந்ததால்தான். எஞ்சின், கியர்ப் பெட்டி, அச்சு எல்லாம் ஒரே மூட்டையாக இருக்கும். அந்த மூட்டையை அப்படியே எடுத்துப் பின்னால் வைத்துவிடலாம். 1966-ல் ரெனோ 16 என்ற பிரெஞ்சுக் குடும்பக் காரின் மூட்டையைத் திருப்பிப் பின்னால் வைத்து லோட்டஸ் யூரோப்பா என்ற வண்டியைச் செய்தார்கள். நம் நாட்டில் அப்படிப்பட்ட மூட்டை எது? மாருதி 800!

அதைக் கண்டுகொண்டவர் கோயம்புத்தூர் கரிவரதன். நம் பக்கத்தில் மோட்டார்ப் பந்தயத்துக்குப் பழைய சரித்திரம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்துக்காகச் சோழவரத்தில் போட்ட விமான ஓடுபாதையில், 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் முப்பது வருஷங்களுக்கு மேல் பந்தயம் நடத்தினார்கள். 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனி மைதானமே வந்தது. ஆனால் சீமைப் பந்தயக் கார் வாங்க வசதியுள்ளவர் எத்தனை பேர்? கரிவரதன் 1988-ல் ஒரு வழி செய்தார். ஒற்றை ஆள் உட்காரும் குழாய்ச் சட்டம். அவன் முதுகுக்குப் பின்னால் 796 கன சென்டிமீட்டர் மாருதி எஞ்சின். பார்முலா மாருதி என்று பெயர் பெற்றது. எந்தச் சீமைக் காரின் முகமும் அதற்கு இல்லை. மிதிவண்டிக் கடைக்காரர்கூடப் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய வண்டி. கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது அந்த வகைக் காரில்தான். 2005-ல் அவர் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் காலமாகிவிட்டார். செட்டிபாளையத்துப் பந்தய மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

யோசித்துப் பாருங்கள். பெருங்களத்தூரில் பெரிய தொழிற்சாலை, பெரிய முதல், சீமை உடல். மூன்று வருஷத்தில் கதை முடிந்தது. அது முடிந்த அதே 1988-ல் கோயம்புத்தூரில் சிறிய பட்டறை, சின்னஞ்சிறு எஞ்சின். அதிலிருந்து ஒரு தலைமுறை ஓட்டக் கற்றுக்கொண்டது. முன்னதில் பழைய இதயத்துக்குப் புது முகம் தேடினார்கள். பின்னதில் கையில் உள்ள இதயத்துக்கு ஏற்ற உடம்பைக் கட்டினார்கள்.

பையனிடம் இன்னொரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. எதைக் கட்டினாலும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டலாம் என்று கனவு காணக் கூடாது. புதிதாக ஒரு வண்டி ரோட்டுக்கு வர வேண்டுமானால் புணே ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் பரீட்சை தேறிச் சான்று பெற வேண்டும். ஒரே ஒரு வண்டி கட்டுகிறவனுக்கு அந்தச் செலவு தாங்காது. பழைய வண்டியை உருமாற்றலாம் என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வழி மறிக்கிறது. செய்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019-ல் உறுதியாகச் சொல்லிவிட்டது. நகல் காரின் முழு இன்பமும் நாலு பேர் பார்க்கக் கடற்கரைச் சாலையில் போவதில் இருக்கிறது. அந்த இன்பம் இல்லை என்றால் அது கொட்டகைக்குள் நிற்கும் பொம்மை. நடு எஞ்சின் வண்டிக்கோ பந்தய மைதானமே வீடு. அங்கே பாதுகாப்புப் பரிசோதனை உண்டு. பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் கிடையாது.

"ஆகவே நடு எஞ்சின்தான் என்கிறீர்களா?" என்றான்.

"உன் ஆறு லட்சத்துக்கு எதை வாங்க விரும்புகிறாய் என்று யோசி. பிறர் பார்வையையா, உன் கைக்குப் படிப்பையா? பிறர் பார்வை என்றால் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பழைய காரே கிடைக்கும், உன் அம்மாவையும் கோயிலுக்கு அழைத்துப் போகலாம்" என்றேன்.

அவன் பதில் பேசவில்லை. இரண்டு படத்தையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அன்று இரவு தங்கை டெலிபோன் செய்து, "ரோட்டிலே ஓட்ட முடியாத காருக்கா நீ சம்மதம் கொடுத்தாய்?" என்று பத்து நிமிஷம் என்னைப் பொரிந்து தள்ளினாள். அதிலிருந்துதான் அவன் எதைத் தேர்ந்தெடுத்தான் என்பதே எனக்குத் தெரிந்தது.

சென்ற மாதம் கொட்டகைக்குப் போயிருந்தேன். பெரியவர் ஒரு மூலையை அவனுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார். பழைய இரும்பு விலைக்கு வாங்கிய மாருதி ஒன்று பிரிந்து கிடந்தது. குழாய்ச் சட்டத்தில் பாதி முடிந்திருந்தது. பையன் கையெல்லாம் கிரீஸ். பெரியவர் கண்ணுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, அவன் வைத்த பற்றுகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டை மறுபடியும் வைக்கச் சொன்னார்.

"எல்லாம் சரி, இதற்கு மேலே எந்த உடல் வரப்போகிறது?" என்று கேட்டேன்.

"அதைப் பற்றி இன்னும் நினைக்கவே இல்லை மாமா" என்றான் அவன், தலை நிமிராமலே.

தங்கைக்கு இனி நான் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.